அடுத்தவர் தலைவலி

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் ஒரே பதில்தான் வரும். "அடுத்தவன் தலைவலியை எதுக்குக் காசு கொடுத்து வாங்குற?" மாமனார் சொல்வார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார், ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத பெரியப்பாவும் சொல்வார். மூன்று, நான்கு வயதுக் கார் என்றால் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. பதினேழு வயதுக் கார் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு உங்கள் சம்பளத்தைப் பற்றி யோசிப்பார்கள்.

2023-இல் நான் 2006-ஆம் வருடத்து மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கினேன். புதுக் காருக்கு வங்கிக் கடன் தயாராக இருந்தபோதுதான் வாங்கினேன். அன்று முதல் அந்தத் தலைவலி வாக்கியத்தை எத்தனை பேரிடமிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எதிர்த்துப் பேசினால் சண்டையாகிறது. சிரித்து வைத்தால் ஒத்துக்கொண்டதாகிறது. எழுதிவிடுவது நல்லது. நான் சொல்ல வருவது இதுதான்: பழைய காரின் வயதை அதன் குற்றம் என்று நினைக்கிறீர்கள், அந்த வயதுதான் அதன் சாட்சி. நன்றாக வைத்திருந்த ஒரு பழைய வண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் உள்ள சந்தோஷம், ஒரு பொருளை முழுக்கத் தெரிந்துகொண்டு வாங்குகிற சந்தோஷம். புதுக் கார் வாங்குகிறவருக்கு அது வாய்ப்பதில்லை.

எதிர்த்தரப்பின் ஆகப் பலமான வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது என் மாமனாருடையது இல்லை. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளருடையது. 1970-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டது. ஓட்டை வண்டிக்கு அமெரிக்காவில் 'லெமன்' என்று பெயர். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எந்த வண்டிக்கும் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார். அந்த விலைக்குத் தர மனம் வராமல் நல்ல வண்டிக்காரர் தன் வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்வார். சந்தையில் எலுமிச்சைகள்தான் மிஞ்சும். இந்த வகை ஆராய்ச்சிக்காக 2001-இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. தான் சொன்னது நோபல் வாங்கிய கருத்து என்று தெரிந்தால் என் மாமனாரைப் பிடிக்க முடியாது.

ஆனால் அகெர்லாஃப் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். புதுக் காருக்கும், ஷோரூமை விட்டு இப்போதுதான் வெளியே வந்த காருக்கும் விலையில் ஏன் இவ்வளவு இடைவெளி? அவருடைய கேள்வி இது. அதாவது இளம் கார்களைப் பற்றியது. இரண்டு வயது வண்டியை ஒருவர் விற்கிறார் என்றால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். அந்த வண்டியின் உடம்பில் அதற்குப் பதில் இருக்காது. அடி வாங்கியிருந்தால் டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வெள்ளத்தில் நின்றிருந்தால் துரு வெளியே தலைகாட்ட இன்னும் நாள் ஆகவில்லை. விற்பவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் அப்படியே உள்ளே இருக்கும். பதினேழு வருட ரகசியத்தை யாராலும் அப்படிக் காப்பாற்ற முடியாது. வண்டியே சொல்லிவிடும்.

எப்படிச் சொல்லும்? ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது எந்த வருடம் செய்தது என்ற குறி இருக்கும். எல்லாம் ஒரே வருடமாக இருந்து ஒன்று மட்டும் ஏழு வருடம் இளையது என்றால், அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். மீட்டர் முப்பத்தைந்தாயிரம் காட்டும்போது பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. கதவு பீடிங்கை இழுத்துப் பார்த்தால் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் வரிசையாக, ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் துவைக்காத அந்த அடிப்பகுதியில் வண்டல் கோடு இருந்தால், அந்த வண்டி தண்ணீரில் நின்றது. இதற்கு விற்பவரின் வாய்மொழி தேவையில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினை உங்கள் கையால் ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைக் கழற்றிப் பார்க்கிற பொறுமை போதும்.

சந்தையில் பெரும்பாலானவை எலுமிச்சைதான் என்பதை நான் மறுக்கவில்லை. பதினொரு வண்டி பார்த்தேன், பத்து எலுமிச்சை. "எஃப்சி கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட், டாக்டர் ஓட்டின வண்டி, பக்கா கண்டிஷன்" என்று ஒரு புரோக்கர் மூச்சு விடாமல் சொன்ன வண்டியில், காந்தத்தை வைத்தால் பின்பக்கம் எங்குமே ஒட்டவில்லை, அவ்வளவு பட்டி. சென்னை வண்டி ஒன்றின் சீட் பெல்ட் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவுபடுத்தியது. இன்னொன்றில் கறுப்பு ஆயில் கூழாகியிருந்தது. ஆனால் இந்தப் பத்தும் மோசமாக இருந்ததற்குக் காரணம் வயதா? வைத்திருந்தவர்களா? பத்திலும் நான் பார்த்தது ஒரே நோய்தான்: அடுத்த சர்வீசைத் தள்ளிப்போட்ட மனிதர். அந்த மனிதரிடம் புதுக் காரைக் கொடுங்கள், ஐந்தே வருடத்தில் அதுவும் எலுமிச்சையாகும்.

பதினொன்றாவது வண்டி ராஜபாளையத்தில் இருந்தது. சொந்தக்காரர் ஒரு நூற்பு ஆலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது, பையன் பெங்களூரில் இருக்கிறான், ஓட்ட ஆளில்லை. விற்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் உண்டா? தகர ஷெட்டுக்குள் துணி போர்த்தி நின்றது வண்டி. நான் வழக்கம்போல கண்ணாடி, பீடிங், பெல்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். இடப்பக்கப் பின் கதவில் விரலை ஓட்டினபோது கீழ் ஓரத்தில் ஒரு மெல்லிய மேடு தட்டுப்பட்டது. பெயின்ட் நிறமும் மயிரிழை மாறியிருந்தது. பிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன்.

"இந்தக் கதவு ரீபெயின்ட் போல இருக்கே, மாஸ்டர்?"

"ஆமா தம்பி. இருங்க, நோட்டுல இருக்கு."

உள்ளே போய் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். 2012-ஆம் வருடப் பக்கத்தில் இருந்தது: 'ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்க் கூட்டம். மாட்டு வண்டி அச்சு உரசியது. இடது பின் கதவு. டிங்கரிங், பெயின்ட் ரூ. 2,800. நிறம் சேரவில்லை.' கடைசி இரண்டு சொற்களை நான் இரண்டு முறை படித்தேன். நிறம் சேரவில்லை. வாங்க வருகிறவனுக்காக எழுதியது இல்லை அது. விற்கும் எண்ணமே இல்லாத காலத்தில் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. அந்த நோட்டில் எல்லாமே இருந்தது. 2015-இல் 54,310 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட், கூடவே வாட்டர் பம்ப். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் தேதி, மீட்டர், டப்பாவின் விலை. "மில்லுல ரிங் ஃபிரேம் சத்தம் லேசா மாறுனாலே போய் நிக்கணும் தம்பி. நூல் அறுந்தப்புறம் போய் என்ன பண்ண?" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைப் பழசின் மேல் உள்ள மயக்கம் என்கிறார்கள். எஸ்டீமோடு எனக்கு முன்கதை ஏதும் கிடையாது. எங்கள் வீட்டில் அது இருந்ததில்லை, அதில் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்றால், முன்பின் தெரியாத ஒருவருடைய பதினேழு வருட ஒழுங்கு ஒரு நோட்டிலும் ஓர் இன்ஜினிலும் ஒன்றுபோலப் பதிவாகியிருந்ததைப் பார்த்ததிலிருந்து. நோட்டு சொன்னதை இன்ஜின் மறுக்கவில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

இனி சில்லறை வாதங்கள். 'ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது.' எஸ்டீமை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன, உண்மைதான். ஆனால் அதே 1,298 சிசி குடும்பத்து இன்ஜின்தான் ஜிப்ஸியில் இருந்தது, வெர்ஸாவில் இருந்தது, 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இருந்தது. நம் ராணுவம் வருடக்கணக்காக ஓட்டிய ஜிப்ஸியின் இன்ஜினுக்குச் சாமான் கிடைக்காமல் போகுமா? சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். கதவுக் கைப்பிடி, டெயில் லைட் மாதிரிப் பொருட்களுக்கு அலைய வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எந்தப் பழைய காரை வாங்கலாம் என்பதில் ஒரு விதி உண்டு: ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஓடிய வண்டியாக இருக்க வேண்டும். அபூர்வ வண்டி ஆசை எனக்கு இல்லை. மறுபக்கம், என் மைத்துனரின் புத்தம் புதுக் காரில் தொடுதிரை செத்துப்போய், அதற்கான சாமான் வர மூன்று வாரம் காத்திருந்தார். பாட்டு போனால் பரவாயில்லை. ஏசியைக் கூட்டிக் குறைப்பதும் அந்தத் திரையில்தான்.

'பதினைந்து வருடம் ஆனால் அரசாங்கமே பிடுங்கி உடைத்துவிடும்.' இதை நம்பாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து வருடம் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். நாம் எஃப்சி காட்டுவது என்று சொல்வது இதைத்தான். பிறகு ஏன் இந்தப் பயம்? இரண்டு வேறு செய்திகளைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால். பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி, பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது டெல்லி வட்டாரத்துக்கு. பதினைந்து வருடமானால் கட்டாயம் கழிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் வந்த விதி அரசு வாகனங்களுக்கு. மாஸ்டர் 2021-இல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. இருபது வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டிக்காரரை அரசு வலிக்க வலிக்கத் தட்டுகிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பிடுங்குகிறது என்று சொல்லாதீர்கள்.

'எப்படிப் பார்த்தாலும் புதுசுதான் லாபம்.' கணக்குப் போடுவோம். பத்து லட்ச ரூபாய்க் காருக்கு இரண்டு லட்சம் கையிலிருந்து, எட்டு லட்சம் கடன். ஒன்பது சதவீத வட்டி, 84 மாதம் என்றால் தவணை சுமார் 12,870 ரூபாய். ஏழு வருடத்தில் வங்கிக்கு மட்டும் பத்து லட்சத்து எண்பத்தோராயிரம்; கைப்பணத்தோடு சேர்த்து 12 லட்சத்து 81 ஆயிரம். ஏழாம் வருடம் மூன்றரை லட்சத்துக்கு விற்றாலும் ஒன்பது லட்சத்துக்கு மேல் போயிருக்கும். இன்சூரன்ஸ்காரர் கணக்கும் இதையேதான் சொல்கிறது: ஆறு மாதம் தாண்டினால் பதினைந்து சதவீதம் கழிவு, நான்கு வருடம் தாண்டினால் பாதி. என் எஸ்டீம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வாங்கியதும் டயர், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், ஏசி வேலை என்று நாற்பத்திரண்டாயிரம். வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம் பராமரிப்பு. லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் தருகிறது. புதுக் கார் பதினெட்டு தரும். வருடம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு அதனால் பெட்ரோலில் பதின்மூன்றாயிரம் அதிகம். எல்லாவற்றையும் ஏழு வருடத்துக்குக் கூட்டினால் 4 லட்சத்து 18 ஆயிரம். கடைசியில் அதை இரும்பு விலைக்குப் போட்டாலும் ஐந்து லட்சம் என் பக்கம் மிச்சம். 'அடிக்கடி செலவு வைக்கும்' என்பார்கள். மாதம் தவறாமல் ஒரே தேதியில் பன்னிரண்டாயிரம் போவது செலவாகத் தெரியாது. வருடத்தில் ஒரு நாள் எட்டாயிரம் மெக்கானிக்கிடம் போனால் ஊருக்கே தெரியும்.

இரண்டு வாதங்களுக்கு நான் தலைவணங்குகிறேன். முதலாவது பாதுகாப்பு. என் காரில் ஏர்பேக் இல்லை. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். நான்கு வழிச் சாலையில் நூறில் போகும்போது மோதினால், மாஸ்டரின் நோட்டு என்னைக் காப்பாற்றாது. அதனால் நெடுந்தூரம் குடும்பத்தோடு நாங்கள் ரயிலில் போகிறோம். மாதம் இரண்டு முறை நெடுஞ்சாலையில் போகிறவர்கள், அந்தக் காலத்திலேயே இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் வைத்து வந்த ஹோண்டா சிட்டி மாதிரி வண்டிகளில்தான் தேட வேண்டும். ஆனால் இங்கேயும் புதுசு என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டில் பிரபலமான ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். எல்லாம் புதுக் கார்கள். காப்பாற்றுவது கட்டுமானமும் கருவிகளும். வயது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை.

இரண்டாவது புகை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 காரோடு என் வண்டி போட்டி போட முடியாது. ஒரு கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்டால் அதன் புகை மோசம், சந்தேகமே இல்லை. தினமும் எண்பது கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டுகிறவர் பழைய கார் வாங்கக் கூடாது, பழைய டீசல் கூடவே கூடாது. ஆனால் ஒரு புதுக் காரைச் செய்ய இரும்பு உருக்கி, அலுமினியம் காய்ச்சி, பிளாஸ்டிக் வார்த்து முடிக்கும் முன்பே டன் கணக்கில் கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. வருடம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்ட ஒரு புதுக் காரைச் செய்யச் சொல்வதைப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிஞ்சுவது கௌரவம். அதற்கு நான் மறுப்பு எழுதப் போவதில்லை. கௌரவத்துக்கு வாங்குகிறவர் கௌரவத்துக்கு என்று சொல்லிவிட்டு வாங்கட்டும், யார் தடுத்தது? பாதுகாப்பு, லாபம், நிம்மதி என்று வேறு பெயர் வைத்து என் தலையில் கட்ட வேண்டாம். நிம்மதி என்றால் நான் ஒன்று கேட்கிறேன்: உங்கள் புதுக் காரில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று உங்களுக்குத் தெரியுமா? கூலன்ட் என்ன நிறம்? தெரியாமல் இருப்பதைத்தான் நாம் நிம்மதி என்று அழைக்கப் பழகிவிட்டோம்.

அகெர்லாஃபின் சந்தையில் விற்பவருக்கு ஒரே கவலைதான்: விலை. மாஸ்டர் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. விலை பேசும் முன் அவர் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். எங்கே நிறுத்துவீங்க, வெயிலா, நிழலா? யாரு ஓட்டுவா? ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு மாத்துவீங்க? நான் வண்டியைச் சோதிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அங்கே சோதிக்கப்பட்டது நான். ஒரு புரோக்கர் பதினைந்தாயிரம் கூடுதலாகச் சொல்லியும் தரவில்லை என்று அவர் மனைவி காபி கொடுக்கும்போது சொன்னார்கள். ஃபாரம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியோடு நோட்டையும் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி வழியாக மதுரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் இன்ஜின் சத்தத்தில் ஒரு நூலும் அறவில்லை.

ஏழு மாதம் கழித்து, அலுவலகத்தில் நல்ல வேலை நேரத்தில் போன் அடித்தது. மாஸ்டர்தான்.

"தம்பி, இந்த மாசம் கூலன்ட் மாத்தணுமே. மாத்தியாச்சா?"

இல்லை என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஞாயித்துக்கிழமை மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அடுத்தவர் தலைவலியை நான் வாங்கிவிட்டேன் என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். வண்டியைத்தான் கொடுத்தார் அவர். தலைவலி இன்னும் ராஜபாளையத்தில்தான் இருக்கிறது.